கரண்டு காரும் என் கையெழுத்தும்

எங்கள் ஸ்டேஷனுக்கு ரோந்து போக கரண்டு கார் வந்த அன்று அதை ஓட்ட ஆள் இல்லை. இருந்த இரண்டு டிரைவர்களும் டீசல் ஜீப்பில் பழகியவர்கள். சத்தமே வராத வண்டியை எப்படி நம்புவது என்று தள்ளி நின்றார்கள். ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லையே என்று மூடிவிட்டார். நான் அப்போது கான்ஸ்டபிள். லைசென்ஸ் இருந்தும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புகார் ரசீது அடித்துக்கொண்டிருந்தேன். இவள் ஓட்டுவாள் என்று என்னைக் கைகாட்டியது எங்கள் எஸ்.ஐ. அம்மாதான்.

இலாகாவில் பெண் அதிகாரி என்றால் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். மற்றவர்களை வாயால் கூப்பிட்டேன். இவரை மனசால் கூப்பிட்டேன். டிரைவர் சீட்டில் பொம்பளையா என்று இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தபோது, பிளேனே ஓட்டுகிறார்கள், இவள் கார் ஓட்டக் கூடாதா என்று எனக்காக மல்லுக்கு நின்றவர் அவர். பயிற்சிக்கும் அவரே அனுப்பி வைத்தார். என்னைப் பெற்றவளுக்கு அன்று தலைகால் புரியவில்லை. அவள் பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை பேக்கிங் செய்கிறவள். கரண்டு நம் குடும்பத்தை விடாது போலிருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு வருஷம் அந்த வண்டியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். டூட்டி முடிந்ததும் ஸ்டேஷன் பின்பக்கம் சார்ஜ் பாயிண்டில் ஒயரை மாட்டி, விளக்கு பச்சையாக எரிவதைப் பார்த்த பிறகுதான் என் ஸ்கூட்டியை எடுப்பேன். ஒருநாள் தவறியது கிடையாது.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் பழைய டிரைவர்களிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டேன். அதிகாரி உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை ஏசியை அணைக்கக் கூடாது. டீசல் வண்டிக்கு அது சரி, குறைந்தால் பங்க்கில் ஊற்றிக்கொள்ளலாம். கரண்டு காருக்கு ஆகாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். சொன்னவர்களுக்கு என்ன? அதிகாரி உட்கார்ந்திருக்க ஏசியை நிறுத்துகிற தைரியம் எந்த டிரைவருக்கு வரும்?

மாசி மகம் வந்தது. ஆற்றங்கரையிலும் கோயிலைச் சுற்றியும் எள் போட்டால் எள் விழாத கூட்டம். காலையில் முழு சார்ஜோடு கிளம்பினேன். பார்க்கிங், பைபாஸ், பஸ் ஸ்டாண்டு என்று மதியம்வரை ஓயாத ஓட்டம். உச்சி வெயிலில் அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி வந்துவிட்டது. பின் சீட்டில் கைக்குட்டையைக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொண்டு சாய்ந்தார். ஏசி முழு வேகத்தில் ஓடியது. யாரும் கண்ணாடியைத் தட்டாமல் நான் வெளியே வெயிலில் காவல் நின்றேன். இரண்டு தடவை கதவைத் திறந்து சொன்னேன், சார்ஜ் முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது, ஸ்டேஷனுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று. தலை வெடிக்கிறது, கொஞ்சம் இரு என்றார். இருந்தேன். பெற்ற தாய்க்குத் தலைவலி என்றால் வேறென்ன செய்வேன்?

சாயங்காலம் வயர்லெஸ் மைக்கில் தகவல் வந்தது. கம்மாபுரம் பக்கம் டிப்பர் லாரி மோதி பைக்கில் போனவருக்கு அடி, ஜனங்கள் ரோட்டை மறித்துவிட்டார்கள். சார்ஜ் பதினொன்று காட்டியது. அம்மாவிடம் சொன்னேன். போ, பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேறு வழியில்லாமல் முதல் தடவையாக ஏசியை அணைத்துவிட்டு ஓட்டினேன். இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி மாடு மாதிரி நடக்க ஆரம்பித்தது, பிறகு நின்றேவிட்டது. அம்மா வழியில் வந்த பைக்கில் ஏறிப் போய்விட்டார். என்னையும் காரையும் ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார். ஜனம் சும்மா விடுமா? ஆளாளுக்கு செல்போனை நீட்டினார்கள். போலீஸ் கார் டிராக்டருக்குப் பின்னால் போகிற வீடியோ மறுநாள் மாவட்டம் முழுக்கச் சுற்றியது. வைக்கோல் போட்டால் ஓடுமா என்று அதில் ஒருத்தர் கேட்கிறார். அடிபட்டவரை நல்லவேளையாக ஆம்புலன்ஸ் முன்பே ஏற்றிப்போயிருந்தது, பிழைத்துக்கொண்டார். ஆனால் வீடியோவுக்கு மேலிடத்தில் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அம்மா என்னை ஸ்டேஷன் பின்பக்கம் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் புரமோஷன் லிஸ்டில் தன் பெயர் இருக்கிறது, பந்தோபஸ்து நேரத்தில் ஏசியில் படுத்திருந்தது வெளியே தெரிந்தால் எல்லாம் போச்சு என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சார்ஜு போட மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துடு. ஒரு மெமோவோட போயிடும். நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல என்ற அந்த வார்த்தைக்கு உருகிப்போனேன், மடச்சி. மெமோ வாங்காதவன் போலீஸே இல்லை என்று எங்கள் இலாகாவில் ஒரு பேச்சு உண்டு. ஒரு மெமோதானே, என் சீட்டுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அவர் மேஜையிலேயே உட்கார்ந்து என் கையால் முத்து முத்தாக எழுதினேன். என் மறதியால் நேர்ந்தது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. கவனக்குறைவான ஓட்டுநரிடமிருந்து வாகனத்தைத் திரும்பப் பெற வேண்டும். பரிந்துரை செய்தவர் எங்கள் எஸ்.ஐ. அம்மா. ஆதாரமாக என் கடிதத்தின் நகலைப் பின் அடித்து வைத்திருந்தார்கள். எனக்குப் பாரா டூட்டி போட்டார்கள், ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற வேலை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். என் கழுத்துக்கு வரும் என்று நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. பெற்றவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

வண்டியை, அன்று பானெட்டைத் திறந்து பார்த்த டிரைவரிடமே கொடுத்தார்கள். போன வாரம் அவர் காரை வாசலில் நிறுத்திவிட்டு, அவசரமாக வெளியே போக வேண்டும், பின்பக்கம் விட்டுக் கொஞ்சம் ஒயரை மாட்டிவிடம்மா என்று என்னிடம் கேட்டார். அப்போதுதான் எஸ்.ஐ. அம்மா காரிலிருந்து இறங்கினார். வாசல் பெஞ்சில் புகார் கொடுக்க வந்த ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளிடம் விடாதீர்கள், மறந்துவிடுவாள் என்று அவர்கள் காதில் விழும்படியே சொல்லிவிட்டு நடந்தார். துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு குறுக்கே போய் நின்றேன். நான் மறந்தேனாம்மா என்று கேட்டேன்.

கொஞ்சம் வெட்கமாவது தெரியும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே ஒன்றும் புரியாதவர் போல அவர் என்னைப் பார்த்தார்.

"நீதானே எழுதிக் குடுத்த?"