எட்டாவது குரல்

என் அக்காவின் கணவருக்குத் தன் காதின் மேல் இருந்த பெருமை அக்காவின் மேல் ஒரு நாளும் இருந்ததில்லை. மனிதர் செய்த தொழில் என்னவென்றால், கம்பெனிகளுக்கு ஃபோன் செய்யும்போது "சற்று காத்திருக்கவும்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் போனதும் வருமே, அந்த இசையைப் போட்டுக் கொடுப்பது. யாரும் விரும்பிக் கேட்காத இசை. ஆனால் அவர் நடையைப் பார்த்தால் அரங்கம் நிறைய ஆள் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று நினைத்துவிடுவோம்.

அவரிடம் முப்பத்தைந்து வருடப் பழைய சின்தசைசர் கீபோர்டு ஒன்று இருந்தது. பாதி டிஜிட்டல், பாதி அனலாக். ஒலி முதலில் உள்ளே ஒரு சிப்பில் வெறும் எண்களாக உருவாகும். பிறகு அனலாக் ஃபில்டர் என்ற மின்சுற்று வழியாகப் போய், முனை மழுங்கி, சதை பிடித்து வெளியே வரும். கட்டையை அழுத்தியதும் கண்ணாடியைச் சுண்டியதுபோல் தொடங்கி, அடுத்த நொடி கம்பளி போர்த்திக்கொண்டதுபோல் கனத்துவிடும். நல்ல ஒலிதான், மறுக்கவில்லை. அதைப் பற்றி அவர் பேசுவதைத்தான் தாங்க முடியாது.

"பொறக்குறது நம்பர்ல மாப்ள, வளர்றது கரண்ட்ல. இப்ப வர்ற கம்ப்யூட்டர் சத்தம் எல்லாம் பொணம். இதுல உயிர் இருக்கு. கவனி, ஒரு சுரம் மாதிரி இன்னொரு சுரம் இருக்காது."

உண்மையிலேயே இருக்காது. ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டினால், ஏழு முறை கணீரென்று ஒலிக்கும், எட்டாவது முறை அமுங்கிப்போகும். அந்த இடம் வரும்போதெல்லாம் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார்.

அக்கா பக்கத்து அறையில் பள்ளிச் சீருடைகள் தைப்பாள். பதினோரு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைக் கேட்டவள். ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, எட்டாவது தடவை மட்டும் மூக்கடைச்ச மாதிரி கேக்குதே. உள்ள ஏதாவது கெட்டுப் போயிருக்குமோ?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்கக்காவுக்குத் தையல் மிஷினும் இதுவும் ஒண்ணு மாப்ள." நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

போன வருடம் சின்தசைசரின் திரை அணைந்துபோனது. ரிப்பேர் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனது நான். கையை வீசிக்கொண்டு வந்தது அவர். கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் மாட்டிய விளக்கு, அளந்த பேச்சு. மூடியைத் திறந்து திரையைச் சரிசெய்தார். பிறகு ஒரே கட்டையைப் பத்துப் பதினைந்து முறை தட்டிக் கேட்டார்.

"இதுல எட்டுக் குரல் இருக்கு சார். ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபில்டர், முறை போட்டுக்கிட்டு வேலை செய்யும். எட்டாவது செத்துக் கெடக்கு. எத்தனை வருஷமா இப்படி?"

"அது கேரக்டர்மா. அனலாக்னா அப்படித்தான்."

"ரிப்பேர் சார் அது."

அவர் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா எட்டாவது ஃபில்டரின் சிப்பைப் பிடுங்கி வேறொன்றை மாட்டினார். இப்போது எல்லாத் தட்டுகளும் ஒன்றுபோல் முழுசாக ஒலித்தன. அவருடைய முகம் சுண்டிப்போனது. "கொன்னுட்டீங்க," என்றார். அந்த அம்மா அடுத்த பெட்டியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

இரண்டு வாரம் அவர் வாத்தியத்தின் பக்கமே போகவில்லை. மூன்றாவது வாரம் ஒரு ஒலிப்பதிவாளர் அதன் ஒலிகளைப் பதிவு செய்ய வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். வந்தவர் வாசித்துப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்களே," என்று வியந்ததுதான் தாமதம், என் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு குரல் கெட்டிருந்துச்சு. சாதாரணக் காதுக்குத் தெரியாது. நான்தான் கண்டுபிடிச்சு மாத்தச் சொன்னேன்."

வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை. காப்பி கொண்டுவந்த அக்கா தம்ளரை நிதானமாக வைத்தாள்.

"கடைக்கார அம்மா கண்டுபிடிச்சாங்கன்னு தம்பி சொன்னான். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே நான் சொன்னேன். இவர் சிரிச்சார்." என் பக்கம் திரும்பினாள். "இவனும்."

"இவளுக்கு என்ன தெரியும் சார்," என்றார் மாமா.

ஒலிப்பதிவாளர் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. தன் ஹெட்ஃபோனைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார். "இதுல ஏதாவது தப்பாக் கேக்குதாம்மா, சொல்லுங்க." அவர் ஒரே கட்டையைத் தட்டத் தட்ட அக்கா கேட்டுவிட்டு, மூன்றாவது குரலின் சத்தம் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருக்கிறது என்றாள். அளந்து பார்த்தார்கள். இறங்கித்தான் இருந்தது.

இப்போது அக்கா வாரம் இரண்டு நாள் அந்த ஒலிப்பதிவாளரின் ஸ்டூடியோவுக்குப் போகிறாள். பதிவுகளைக் கேட்டுப் பிழை சொல்வதுதான் வேலை. யாராவது விசாரித்தால் மாமா, "பொழுது போகலைன்னு சொன்னா, போயிட்டு வரட்டும்னு நான்தான் அனுப்புறேன்," என்கிறார்.