மஞ்சுளாவின் கையெழுத்துப் புடவை

வெள்ளிக்கிழமை காலை 5.50. ஓசூர் பேருந்து நிலையத்தில் கிருஷ்ணகிரி பஸ் கிளம்பிவிட்டது, நாங்கள்தான் இன்னும் ஏறவில்லை. மஞ்சுளா அக்கா படியைப் பிடித்தாள், நான் அவள் பையைப் பிடித்தேன். எப்படியோ இரண்டு பேரும் உள்ளே வந்து விழுந்தோம். இரவு ஷிப்ட் முடிந்து இறங்கும் கூட்டமும் காலை ஷிப்டுக்கு ஓடும் கூட்டமும் முட்டிக்கொள்கிற நேரம் அது. ஜன்னலுக்கு வெளியே தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே டீக்கடையில் டீ கேட்டுக்கொண்டிருந்தன.

மஞ்சுளாவுக்கு முப்பத்து மூன்று வயது. மின்சாதன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு வருட சர்வீஸ், லைன் லீடர். அதே கம்பெனிக்குப் போன வருடம்தான் நான் அருப்புக்கோட்டையிலிருந்து பயிற்சிப் பொறியாளராக வந்தேன். பெண்கள் விடுதியில் ஒரே அறை. அம்மா அப்பா இருவரும் இல்லாத அவள், இன்று அப்பா விட்டுப்போன மாந்தோப்பில் தனக்குள்ள பாதியைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரமாக எழுதித் தரப் போகிறாள். கூட வருகிறேன் என்று அடம்பிடித்து நானும் லீவு போட்டேன்.

அடம்பிடித்ததற்குக் காரணம் உண்டு. ஒரு வாரமாக அவள் காதில் சட்டம் ஓதியிருந்தேன். அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி, இது நேற்று வந்த சட்டமில்லை, பூர்விகச் சொத்திலும் தமிழ்நாட்டில் 1989-லிருந்தே பெண்ணுக்குப் பங்கு உண்டு என்றெல்லாம். அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

சூளகிரி தாண்டும்போது மறுபடி ஆரம்பித்தேன்.

"நீ சொல்றதெல்லாம் எனக்கும் தெரியும் பொன்னி" என்றாள். "எங்க ஊர்ல அக்கா தங்கச்சிங்க எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்க. குடுக்காதவ ஒருத்தி இருக்கா. அவ தாய் வீட்டு வாசல மிதிச்சு ஆறு வருஷமாச்சு. அவளுக்காவது புருஷன் வீடுன்னு ஒண்ணு இருக்கு. எனக்கு ஆஸ்டல் கட்டில விட்டா அந்த வீடுதான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

7.20. கிருஷ்ணகிரி. ஐம்பது கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். வேப்பனப்பள்ளிக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழியெல்லாம் மா. ஜூன் மாதம் என்பதால் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. ஒரு டிரைவர் டிராக்டர் மேலேயே உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குள்ளேயும் பழ வாசனை நுழைந்துவிட்டது, எனக்குப் பசித்தது.

8.45. வேப்பனப்பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே அவர்கள் ஊர். மஞ்சுளாவின் தம்பி கோவிந்தன் பைக்கில் வந்து இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டான். இருபத்தெட்டு வயது, வெட்கச் சிரிப்பு. வாசலிலேயே அவன் மனைவி சுகுணா, "ரா வதினா", வா நாத்தனாரே என்று தெலுங்கில் கூப்பிட்டு, என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். அவளுக்குப் பிறந்த வீடு ஆந்திராவில் குப்பம் பக்கம். அடுப்பில் வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, பாயசத்துக்குச் சேமியா வறுபட்டுக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததும் விருந்து, அது முறை.

இன்னொரு முறையும் இருந்தது. கோவிந்தன் ஒரு தட்டில் மஞ்சள், குங்குமம், தேங்காய், அரக்கு பார்டர் போட்ட மாம்பழ நிறப் புடவை வைத்து அக்காவிடம் நீட்டினான். கையெழுத்துப் புடவை என்று இதற்கு வீட்டில் பெயர். அதைக் கட்டிக்கொண்டுதான் பத்திர ஆபீசுக்குப் போக வேண்டும்.

"கலர் நானே பாத்து எடுத்தங்க்கா. மூணு கடை ஏறி எறங்கினேன்."

"உன் கல்யாணத்துக்குக் கூட நீ இவ்ளோ அலையலியேடா" என்றாள் மஞ்சுளா. சுகுணா உள்ளிருந்து, "அத நல்லாக் கேளு வதினா!" என்று கத்தினாள்.

அவள் புடவை கட்டிக்கொண்டு வருவதற்குள் தோப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் தார் ரோடு, நடுவில் பெங்களூரா ரக மாமரங்கள். கன்னடம் பேசும் இரண்டு பெண்கள் கூடையில் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மரத்தின் கீழ்க்கிளையில் ஊஞ்சல் கட்டிய தழும்பு.

11.30. மறுபடி கிருஷ்ணகிரி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தர் கடை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததைப் பூசாரி மந்திரம் சொல்கிற வேகத்தில் வாசித்தார்.

"...என் திருமணத்தின்போது நகை, பாத்திரம், சீர்வரிசை யாவும் குறைவின்றிப் பெற்று, கணவர் வீட்டில் சுகமாக வாழ்ந்து வரும்படியால்..."

"அண்ணா, ஒரு நிமிசம்" என்றாள் மஞ்சுளா. "யாருண்ணா அந்தக் கணவரு? எந்த ஊர்ல இருக்காரு? அட்ரஸ் குடுங்க, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரேன்."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எழுத்தர் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளை அப்போதுதான் பார்த்தார்.

"கல்யாணம் ஆகலியாம்மா? பொண்ணுங்க எழுதிக் குடுக்கறதுக்கு எங்க அப்பா காலத்துலருந்து இதான் மாடல். வர்ற எல்லாருக்கும் ஆகியிருக்கும், அப்படியே பேர மாத்திப் போட்டுட்டேன். இரு, எடுத்துடறேன்."

அந்த இரண்டு வரிகளை அழித்தார். திரையில் அந்த இடம் வெள்ளையாக நின்றது.

"இப்ப காரணம் ஒண்ணு வேணுமே" என்றார். "எதனால விட்டுக் குடுக்கறீங்க? தம்பி, நீ சொல்லு."

கோவிந்தன் அக்காவைப் பார்த்தான். "எல்லாரும் குடுக்கறாங்க..." என்றான்.

"அப்படி எழுத முடியாதுப்பா. பணம் ஏதாச்சும் குடுக்கறியா?"

"இல்லீங்க."

"அப்ப அன்பினால்னு போட்டுக்கலாம். அதுவும் செல்லும்."

மஞ்சுளா புடவை முந்தானையின் நூல் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். "போடுங்கண்ணா, பொய் இல்ல" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். "ஏன்டா கோவிந்து, அன்பு எனக்கு மட்டுந்தானா? உனக்கு இருந்தா நீ எழுதிக் குடுக்கலாமே?"

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் சிரிக்கவில்லை. வெள்ளையாக நின்ற அந்த இடத்தைப் பார்த்தான், அக்கா கட்டியிருந்த புடவையைப் பார்த்தான்.

"அண்ணா, நிறுத்துங்க" என்றான் கோவிந்தன். "அக்கா, உன் பாதி கெணத்துப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?"

மஞ்சுளா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கோடு போட்டா ஊஞ்ச மரம் யாருக்குன்னு சண்டை வரும். பிரிக்க வேணாம், ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும்."

"சரிக்கா."

"புடவையத் திருப்பிக் கேட்ட, கொன்னுடுவேன்."

எழுத்தர், கூட்டுப் பட்டாவுக்கு வாரிசுச் சான்றிதழோடு இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பித்தால் போதும், அதற்கு இந்தப் பத்திரமே வேண்டாம் என்றார். தட்டச்சுக்கு மட்டும் இருநூறு வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் கோவிந்தன் மனைவிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னான். மஞ்சுளா நடையை நிறுத்திவிட்டாள். பிறகு போனுக்கு வெளியே கேட்கிற அளவுக்குச் சுகுணாவின் குரல்: "சரி, வந்து சாப்டுங்க. வடை ஆறுது. வதினாவ நேரா ஓசூருக்கு அனுப்பிடாத!"

நாலு வடை தின்றேன். மஞ்சுளா இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லிவிட்டாள்.

மாலை 5.15. கிருஷ்ணகிரியிலிருந்து தனியாக பஸ். மடியில் ஒரு பை பழம். மேம்பாலம் ஏறியதும் அருப்புக்கோட்டைக்கு போன் போட்டேன். எங்கள் அம்மாவும் மாமாவுக்குக் கையெழுத்துப் போட்டவள், நான் கைக்குழந்தையாக இருந்தபோது.

"அம்மா, அந்தப் பத்திரத்துல என்ன காரணம் எழுதியிருந்துச்சு?"

"யாருடி வாசிச்சா? போடுன்னாக, போட்டேன். சேலை பச்சைக் கலரு, நல்லாத்தான் இருந்துச்சு."

மஞ்சுளாவின் கதையை முழுவதும் சொன்னேன். அந்தக் கணவர் வரியில் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கோவிந்தன் கேட்ட கேள்விக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. பஸ் சூளகிரி ஏற்றத்தில் முனகிக்கொண்டிருந்தது.

"பொன்னி, நான் போட்ட பத்திரத்துக்கு நகல் கெடைக்குமா?"

"மனு போட்டாக் கெடைக்கும்மா. எதுக்கு?"

"சொத்தத் திருப்பிக் கேக்கவா போறேன்? சும்மாதான்டி. நான் என்ன சொல்லி எழுதிக் குடுத்தேன்னு ஒருவாட்டி வாசிச்சுப் பாக்கணும்."