தனக்கு வரி போடச் சொன்ன இக்பால் பாய்

வெள்ளிக்கிழமை காலை, வேலூரில் என் ஆபீஸில் குடியாத்தம் லுங்கி வியாபாரி ஒருவரிடம் ஜிஎஸ்டி நோட்டீஸ் பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோது ஆம்பூரிலிருந்து ஷூ பாக்டரி முதலாளி போன் செய்தார். "ஆடிட்டர் சார், நம்ம இக்பால் போய்ட்டாரு. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." எந்த இக்பால் என்று கேட்டேன். முதலாளி "நம்ம" என்று சொல்லும் இக்பால் ஒருவர்தான். தெரிந்தேதான் கேட்டேன் போலிருக்கிறது.

உங்களில் பலர் அவரோடு அந்த ஷூ பாக்டரியில் வேலை பார்த்தவர்கள். ஏற்றுமதி மேனேஜர் இக்பால் பாய் சாம்பிள் பெட்டியும் கையுமாக வாசலில் டாக்ஸிக்கு நிற்பதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கண்காட்சி என்றும் சரக்கு வாங்கும் பையர் கூப்பிடுகிறார் என்றும் பறந்துகொண்டே இருப்பார். டிக்கெட் கம்பெனி எடுக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் விமான நிறுவனம் அவர் பேரில் பாயிண்ட் ஏற்றும். பாயிண்ட் நிறையச் சேர்ந்தால் இலவச டிக்கெட் கிடைக்கும். ஊர் உலகத்தில் எல்லாரும் சத்தமில்லாமல் அனுபவிக்கிற சமாசாரம். இவர் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், இந்தப் பாயிண்டுக்கு எவ்ளோ வரி?"

என் எதிர் நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லாரும் வரியைக் குறைக்கத்தான் வருவார்கள். போடச் சொல்லி வந்தவர் இவர் ஒருவர்தான். ஏன் என்று கேட்டேன். "பாயிண்டுல வீட்டுக்காரிய மக்காவுக்கு, உம்ராவுக்குக் கூட்டினு போலாம்னு இருக்கேன். டிக்கெட்டு முதலாளி காசு, பாயிண்டு என் பேர்ல. யாருதுன்னு தெரியாம அங்க போய் எப்படி சார் நிக்கறது? வரி கட்டிட்டா என்னுதுன்னு ஆயிடும்ல?"

சட்டத்தைப் புரட்டினேன். கம்பெனி கொடுத்த சலுகை என்றால் சம்பளத்தோடு சேர்க்கலாம். ஆனால் கொடுத்தது விமான நிறுவனம். சேர்ப்பது என்றாலும் எந்த விலைக்குச் சேர்ப்பது? நேராகச் சொல்லும் வாசகம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கம்பெனி விதி என்ன சொல்கிறதோ அதைப் பொறுத்தது, முதலாளியைக் கேளுங்கள் என்றேன். முதலாளி, "நான் டிக்கெட்டுக்குத்தான் காசு குடுத்தேன். பாயிண்டு பிளேன்காரன் குடுக்கறான். எனக்கு இன்னா தெரியும்? ஹஜ்ரத்தக் கேளு" என்றாராம். பள்ளிவாசல் ஹஜ்ரத், முதலாளி மனமாரக் கொடுத்தால் உங்களுடையதுதான், ஆனால் சர்க்காருக்கு வரி பாக்கி நிற்கக் கூடாது, அதை ஆடிட்டரிடம் கேளுங்கள் என்றாராம். பாய் மறுபடி என் எதிரில்.

இந்த மூன்று வாசலையும் அவர் எத்தனை முறை சுற்றினார் என்று தெரியாது. ஒருநாள் எனக்குச் சலித்துவிட்டது. "யாரும் கேக்க மாட்டாங்க பாய், போய்ட்டு வாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "யாரும் கேக்கலன்னா என்னுதுன்னு அர்த்தமா சார்?" என்றார். டீ சொன்னேன்.

அப்போதுதான் ஜெர்மனி விவகாரம் வந்தது. அனுப்பிய ஷூக்களின் பிரவுன் நிறம், சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை, மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பப்போகிறோம் என்று பையர் சொல்லிவிட்டார். யாராவது நேரில் போயே ஆக வேண்டும். கடைசி நேர டிக்கெட் விலையைக் கேட்டு முதலாளிக்கே மூச்சு முட்டியது. பாங்கிலும் நெருக்கடியான மாதம் அது. பாய் யாரிடமும் சொல்லாமல் தன் பாயிண்டில் டிக்கெட் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போய்ச் சேர்ந்ததும் பையரை ஜன்னல் ஓரம் கூப்பிட்டு, சாம்பிளையும் சரக்கையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாராம். "டியூப்லைட்ல பாத்தா எந்த பிரவுனும் தப்பாதான் தெரியும் சார்" என்று பிறகு என்னிடம் சொன்னார். சரக்கு திரும்பாமல் அங்கேயே நின்றது. அந்த மாதம் உங்கள் சம்பளமும் நின்று போகாமல் வந்தது.

திரும்பி வந்ததும் டிக்கெட் காசை வாங்கிக்கொள்ளும்படி முதலாளி வற்புறுத்தினார். அதிலும் எனக்குக் குழப்பம்தான். டிக்கெட்டுக்குப் பில் இல்லாததால் கம்பெனி செலவாகக் காட்ட முடியாது. கொடுத்தால் அவருடைய வருமானம் என்றுதான் ஆகும் போலிருந்தது. பாய் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "செலவே பண்ணாததுக்குக் காசு வாங்குனா அது இன்னா காசு சார்? கம்பெனியால வந்துச்சி, கம்பெனிக்கே போச்சி. இனிமே யாரையும் கேக்க வேணாம்."

அது நல்ல மனசா, இல்லை, கேள்வியிலிருந்து தப்பித்தால் போதும் என்ற களைப்பா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் வீட்டுக்கார அம்மா உம்ராவுக்கென்று புது சூட்கேஸ் வாங்கி வைத்திருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டபோது பாய் மேல் கோபம் கோபமாக வந்தது. கேட்டால், "மறுபடி சேரும் சார்" என்று சிரித்தார். சேரவில்லை. பையர்கள் எல்லாரும் வீடியோ காலுக்கு மாறிவிட்டார்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா இத்தாவில், அதாவது கணவர் போன பிறகு நாலு மாதம் பத்து நாள் தனித்திருக்கும் காலத்தில், இருந்ததால் உள்ளறையில், திரைக்குப் பின்னால் இருந்தார். மகன் இம்ரான்தான் என்னோடு உட்கார்ந்து பேசினான். மிச்சமிருந்த கொஞ்சம் பாயிண்ட் பற்றி விமான நிறுவனத்துக்குப் போன் செய்தானாம். ஆள் போனால் பாயிண்டும் போய்விடும், வாரிசுக்கு வராது என்றார்களாம். "அப்போ அது எங்க அத்தாதும் இல்ல, முதலாளிதும் இல்லியா சார்?" என்று கேட்டான். இத்தனை வருஷம் எது யாருடையது என்று அலைந்தோமோ அது யாருடையதுமே இல்லையா?

பிறகு அவன் இன்னொன்று சொன்னான். இத்தா முடிந்ததும் அம்மாவையும் அவனையும் உம்ராவுக்கு அனுப்புவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். "ஜெர்மனி டிக்கெட்டுக் கடன் இன்னும் என் தலைமேல இருக்குது" என்றாராம்.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "சார், ஒண்ணு கேக்கணும். இது அவரு சேத்து வச்சதா, முதலாளி குடுக்கறதா?"

எப்போதும் சொல்கிற "அதைப் பொறுத்தது" தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "அவரு சேத்து வச்சதும்மா" என்றேன். எந்தச் சட்டப்பிரிவின்படி என்று கேட்காதீர்கள்.

அழுவார் என்று நினைத்தேன். தெளிவான குரலில் சொன்னார்: "அப்ப அதுக்கு வரி கட்டிடுங்க சார். பாக்கி வச்சிட்டு நான் போவ மாட்டேன்."

பாய் சேர்த்தது என்றால் அந்த அம்மாவிடம் வரி கேட்க இடமில்லை. வரி கட்ட வேண்டுமென்றால் அது முதலாளி கொடுத்ததாக இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அது பாய் சேர்த்ததாகவும் இருக்க வேண்டும், வரியும் கட்டியாக வேண்டும். இக்பால் பாய் எனக்கென்று விட்டுப்போனது இந்த வேலைதான். இத்தா முடிவதற்குள் வழி கண்டுபிடித்தாக வேண்டும்.