எங்கள் பிளேன் இறங்கிய குளம்

ஆண்டவருக்குள் அன்பான எல்லோருக்கும் எஸ்தரின் ஸ்தோத்திரம். புதுக்கடைப் பக்கம் எங்கள் வீடு. மேடையில் மைக்கைப் பிடித்தால் எனக்குக் கையும் காலும் ஆடும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014-ஆம் வருஷம், அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் நல்ல மழை. அடுக்களையில் இருந்து மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத குரல், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"தங்கராஜ் அண்ணாச்சி வீட்டு மதினியா பேசுதீய?"

"ஆமா. ஆரு?"

"அண்ணாச்சி பிளேனு எங்க ஊரு குளத்துல எறங்கிட்டு மதினி. நீங்க ஒண்ணும்..."

அத்தோடு லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் நம்பரும் கிடைக்கவில்லை.

நம் ஊரில் குளம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். கரை முட்ட வெள்ளம், மேலே தாமரை, கீழே சேறு. எங்கள் பின்வாசலில் நின்று பார்த்தாலே ஒரு குளம் தெரியும். அன்றைக்கு அது மழையில் நிறைந்து ரோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிளேனுக்குள் அவர் தோளுக்கும் இடுப்புக்கும் பெல்ட் மாட்டித்தான் உட்காருவார். குழித்துறை ஆற்றில் நீந்தி வளர்ந்தவர்தான். ஆனால் கட்டிப் போட்டவன் எப்படி நீந்துவான்? "எனக்க ஆண்டவரே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து என் கொழுந்தன் டேனியல் மழையோடு ஓடிவந்தார்.

பிளேன் என்றதும் எங்களைப் பெரிய பணக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் கல்ஃபில் ஒரு பறக்கும் பள்ளியில் மெக்கானிக். சின்னச் சின்ன விமானங்களைப் பழுது பார்க்கிற வேலை. அங்கேயே பறக்கவும் படித்து லைசென்ஸ் எடுத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து 2009 வரை அவர் அங்கே, நான் இங்கே. வருஷத்தில் ஒரு மாசம் வருவார். அந்த மாசம் எப்படிப் போனது என்று தெரியாது. மற்ற மாசங்கள் ஒவ்வொன்றும் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும்.

திருவனந்தபுரத்தில் இறங்குகிற பிளேன் சிலது எங்கள் வீட்டுக்கு மேலே தாழ்ந்துதான் போகும். சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடுவேன். சோப்புக் கையோடு ஓடியிருக்கிறேன். அதில் அவர் இல்லையென்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஓடுவேன். அது தென்னைக்கு மறைகிறவரை பார்த்துவிட்டு வந்து மறுபடியும் துணி துவைப்பேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக நான் இருக்காத உபவாசம் இல்லை, போகாத கூட்டம் இல்லை. எங்களுக்குப் பின்னால் கல்யாணமானவர்கள் எல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாட்சி சொல்லும்போது கடைசி பெஞ்சில் இருந்து நானும் கை தட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன்.

"இனி எங்கயும் போக மாட்டேன் ஏட்டி" என்று சொல்லித்தான் அவர் வந்தார். எனக்கு உலகமே கிடைத்த மாதிரி. ஆனால் கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். மேலே சத்தம் கேட்டால் இப்போது அவர் முற்றத்துக்கு ஓடுகிறார். நான் அவரைத் தேடி வானத்தைப் பார்த்தேன். அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டு வானத்தைப் பார்க்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பிறகுதான் அந்த பிளேன் வந்தது. ஒரு பறக்கும் பள்ளியில் ஓடாது என்று ஒதுக்கிய பழைய இரண்டு சீட் பிளேன். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பொட்டலில் ஒரு மில் முதலாளிக்குச் சொந்தமாக ஓடுபாதை உண்டு. அவருடைய பிளேனை இவர் பழுது பார்த்துக் கொடுப்பார். பதிலுக்கு அவர் தகரக் கொட்டகையில் இதற்கும் இடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை போனால் சனிக்கிழமை இரவுதான் வருவார். என்ஜினைப் பிரிப்பார், கழுவுவார், பூட்டுவார். சிறகுத் துணியில் கிழிசல் ஒட்டுவார். உள்ளே மைனா கூடு கட்டினால் முட்டை உடையாமல் எடுத்து மரத்தில் வைத்துவிட்டு வருவார். அனுமதி கிடைத்துப் பறக்க இரண்டு வருஷம் ஆனது. வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்யச் சொன்னால் அதற்கும் இரண்டு வருஷம்.

"ஒருக்கா வா ஏட்டி" என்று கூப்பிடுவார். "நம்ம ஊருக்கு மேல பறக்க அனுமதி இல்ல. ஆனா மேல போனா கணவாய்க்கு அங்கோடி நம்ம ஊரு பச்சையா கெடக்குறது தெரியும். பாத்தா நெஞ்சு நெறஞ்சு போவும்."

"அந்தத் தகரத்துல நீங்களே ஏறுங்க. நான் தரையில நிக்கேன்" என்பேன்.

எனக்கு அது சக்களத்தி. வேறென்ன சொல்ல? "அந்த சவத்த எப்படியாவது எடுத்துப் போடும் ஆண்டவரே" என்று தினமும் ஜெபித்தேன். அப்படி ஜெபித்ததில் எனக்கு வெட்கமும் இல்லை. மனசில் கிடப்பதைத்தானே அவரிடம் சொல்ல முடியும்.

அந்தச் சனிக்கிழமை டேனியல் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது இதெல்லாம் ஒவ்வொன்றாக மனசில் வந்தது. பிளேனை எடுத்துப் போடும் என்றுதானே கேட்டேன், ஆளையும் சேர்த்து எடுக்கச் சொன்னேனா? வழி நெடுகக் குளம். தக்கலையில் குளம், நாகர்கோவிலைத் தாண்டினால் குளத்துக்குப் பின் குளம். எல்லாம் ததும்பி நிற்கிறது. பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். பெரிய ஜெபமொன்றும் வரவில்லை. "அவரை எனக்குத் தந்திடும். அவர் வானத்தையே பாத்துட்டு இருக்கட்டும். எனக்க பக்கத்துல நின்னு பாத்தா போதும்." இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் மழை நின்றது. ரோடு காய்ந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் மழைக்காலம் நமக்குப் பிந்தித்தான் வரும், அந்த வருஷம் இன்னும் வரவேயில்லை. காற்றாலைகளுக்கு நடுவே விசாரித்து விசாரித்துப் போனோம். "பிளேன் விழுந்த எடமா? நேரா போங்க" என்றார்கள். ஒரு மண்மேட்டில் ஏறி கார் அந்தப் பக்கம் இறங்கியது. பெரிய பொட்டல். ஆடு மேய்கிறது. கருவேலம்புதர். மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. எதிரே வந்த ஒருவரைப் பார்த்து நான் காரை விட்டு இறங்கி ஓடினேன்.

"குளம் எங்க? அய்யா, குளம் எங்க இருக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தங்கராஜ் அண்ணாச்சி வீட்டு மதினியா? நாந்தான் முத்தையா, போன் பேசுனது. அண்ணாச்சி போன் ஒடஞ்சிட்டு, என் போன்ல சார்ஜ் போயிட்டு. குளம் இதான் மதினி. நீங்க நிக்கது குளத்துக்குள்ளதான்."

நான் காலடியைப் பார்த்தேன். புழுதி. செருப்புக்கு அடியில் வெடித்த மண். இதுவா குளம்? நம் ஊர்க்காரி ஒருத்திக்கு ஒரு சொட்டு வெள்ளமில்லாத குளம் கனவில்கூட வருமா?

அவர் கைகாட்டிய பக்கம் கருவேலம்புதருக்கு அப்பால் பிளேன் மூக்குக் குத்தி நின்றது. முன் சக்கரம் ஒடிந்திருந்தது. சிறகு நிழலில், ஊர்க்காரர்களுக்கு நடுவே, நெற்றியில் ஒரு துணிக்கட்டோடு என் வீட்டுக்காரர் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"வந்தியா ஏட்டி?" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போய் முதுகில் ஓங்கி இரண்டு அடி போட்டேன். அதன்பிறகு அவரைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர் ஜனம் அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதேன். டேனியல், "மைனி, மைனி, போதும்" என்று இழுத்தார். எனக்குப் போதவில்லை.

என்ன நடந்தது என்று அவர் சொன்னார். "பெட்ரோல் டேங்குக்க மூடியில ரப்பர் வெடிச்சிருக்கு. நேத்து பிளேன கழுவும்போ அதுவழி வெள்ளம் எறங்கியிருக்கு. ஏறதுக்கு முன்னால பெட்ரோல கிளாசில பிடிச்சுப் பாத்தேன், வெள்ளம் ஒண்ணும் தெரியல்ல. டேங்குக்க மூலையில கெடந்திருக்கு. மேல போய் சாஞ்சதும் என்ஜினுக்கு வந்துட்டு. ரெண்டு தடவ இருமிச்சு. அப்புறம் சத்தமே இல்ல." கீழே பார்த்தால் காற்றாலை, கம்பி, பனை. வெறுந்தரையாக ஒரே ஓர் இடம்தான் கண்ணில் பட்டதாம். முத்தையாதான் ஆட்டை விட்டுவிட்டு ஓடிவந்து, இறுகிக் கிடந்த கதவைத் திறந்து அவரை வெளியே எடுத்திருக்கிறார்.

அந்த ஊரில் சின்னதாக ஒரு ஆலயம் உண்டு. அங்கிருந்து வந்த பொன்னுத்தாய் அக்கா எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்கள், "வெள்ளிக்கிழமதோறும் நாங்க மழைக்கு உபவாசம் இருக்கோம் மதினி. வானத்துலேருந்து எறங்கப் பண்ணும் ஆண்டவரேன்னு கேட்டோம். அண்ணாச்சிய எறக்கிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன், "மழை பெஞ்சிருந்தா அக்கா?"

"பெஞ்சிருந்தா இந்நேரம் ரெண்டு ஆள் ஆழம் நிக்கும். கரையில நின்னுதான் பாத்திருப்போம்."

அதற்குமேல் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்கள் மாதக்கணக்காக வயிற்றைக் காயப்போட்டுக் கேட்டதை ஆண்டவர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான் விதவை. அவர்களுடைய காய்ந்த குளத்தில்தான் என் தாலி இருந்தது. அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் அங்கேயே, அந்தக் குளத்துக்குள்ளேயே, எல்லோரும் முழங்கால் போட்டோம். முதலில் என் வீட்டுக்காரரின் உயிருக்காக ஸ்தோத்திரம் சொன்னார்கள். பிறகு பொன்னுத்தாய் அக்கா, "இந்தக் குளத்த நெறச்சித் தாரும் ஆண்டவரே" என்று ஆரம்பித்தார்கள். நான் கண்ணைத் திறந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒடிந்த பிளேன் அந்தப் பள்ளத்தில் கிடக்கிறது. ஒரு பெருமழை வந்தால் அவருடைய இத்தனை வருஷமும் வெள்ளத்துக்குள் போய்விடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாக, "ஆமென்" என்றார்.

எனக்கு அந்த ஆமென் வரவில்லை. அந்தச் சக்களத்தி தொலையட்டும் என்று தினமும் கேட்டவள் நான். இப்போது ஒரு மழை போதும், என் ஜெபமும் அவர்கள் ஜெபமும் ஒரே நாளில் நிறைவேறிவிடும். ஆனால் நான் மெல்ல என்ன சொன்னேன் என்றால், "மழை தாரும் ஆண்டவரே. அவருக்க பிளேன் வெளிய வந்த பெறவு தாரும். கொஞ்சம் பொறுத்தா உமக்கு ஒண்ணும் கொறஞ்சு போவாது."

ஆண்டவர் பாதிதான் பொறுத்தார். திங்கட்கிழமை நாங்கள் திரும்பப் போனபோது ஊர்க்காரர்களே டிராக்டரும் கயிறும் கொண்டுவந்தார்கள். சிறகுகளைக் கழற்றினார்கள். உடம்பும் ஒரு சிறகும் கரையேறின. அடுத்த சிறகை எடுக்கப் போகும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அது என்ன மழை! குளத்துக்குள் நின்றவர்கள் எல்லாம் சிறகை விட்டுவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். இரவெல்லாம் கொட்டி, அந்தச் சிறகு சேற்றில் மூழ்கி நாசமானது. என் வீட்டுக்காரர் கரையில் நனைந்துகொண்டு நின்று, "கொள்ளாம், நல்ல மழை, கொள்ளாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்தாரா அழுதாரா என்று மழையில் எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிறிஸ்துமஸுக்கு அந்தக் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அறுப்பு முடிந்ததும் அங்கிருந்து புது அரிசி ஒரு மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்தது.

பழுது பார்த்து மறுபடியும் பறக்க 2016 ஆகிவிட்டது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானும் கூடப் போகிறேன். பெட்ரோலை கிளாசில் பிடித்து வெயிலுக்கு நேரே பார்ப்பது என் வேலை. மூடியின் ரப்பரை நகத்தால் கீறிப் பார்க்காமல் அவரை ஏறவிடமாட்டேன். ஒருநாள் அவர் கூப்பிடாமலே நானும் ஏறி உட்கார்ந்தேன். பயத்தில் அவருடைய சட்டையைக் கசக்கிவிட்டேன். மேலே போனதும், "அங்க பாரு" என்றார். கணவாய்க்கு அப்பால், தூரத்தில், நம் ஊர் பச்சையாகக் கிடந்தது. இத்தனை வருஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கீழே பொன்னுத்தாய் அக்காவின் குளம் வெயிலில் பளபளவென்று நிறைந்து கிடந்தது. அதில் இனி யாரும் இறங்க முடியாது.

சகோதரிகளே, இதைக் கேட்டுவிட்டு, "அப்போ உனக்குப் பிள்ளை கிடைச்சுதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை. இனி அதற்கு வயசும் இல்லை. ஏக்கம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் என்னை மறந்துவிட்டார் என்று இப்போது அழுவதில்லை. நீங்களும் கேட்டுக் கேட்டுக் கிடைக்காததைக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். அடுத்தவருடைய ஜெபத்துக்கு ஆமென் சொல்லவும் தயங்காதீர்கள்.

என் குளம் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. யாருக்கு அது வேண்டியிருக்குமோ, எனக்குத் தெரியாது. யாராவது வந்து இறங்கினால், ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட நான் கரையிலேயே நிற்கிறேன்.