புளி போட்டுத் துலக்கிய தோட்டா

அவரை இன்னும் அண்ணாச்சி என்றுதான் சொல்கிறேன். அது பழக்கம், மரியாதை இல்லை. தூத்துக்குடியில் பாத்திரக்கடை வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே புதுக்கோட்டைப் பக்கம் துப்பாக்கி சுடும் கிளப்பும் நடத்துகிறவர்.

அங்கே சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைத் தரம் பிரிப்பது என் வேலையாக இருந்தது. நல்ல கூட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்பிச் சுடுவார்கள். வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவும்போது பள்ளம் தட்டினால், ஆணியால் கீறிக் கழித்துவிடுவேன். அது சுடும்போது கிழிந்து, சுடுகிறவர் முகத்திலேயே அடிக்கும்.

ஒருநாள் நல்ல கூடுகளின் டப்பாவில் என் ஆணிக் கீறலோடு கூடுகள் பளபளத்தன. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் அண்ணாச்சி புளி போட்டுத் துலக்கிச் சேர்த்திருந்தார்.

"இது கிழிஞ்சிரும், அண்ணாச்சி."

"ஏளா, புதுசு மாதிரி இருக்குல்லா? புதுசா சேர்ந்த பிள்ளைங்க சுட்டுப் பழகத்தான. உன் சோலியப் பாரு."

ஒன்றை எடுத்து நீட்டினேன். "அப்போ இதுல மருந்து போட்டு மொதல்ல நீங்க சுடுங்க."

அவர் கை நீளவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதுவரை, விவரம் தெரியாமல் செய்கிறார் என்றே நினைத்திருந்தேன். டப்பாவிலிருந்த எல்லாவற்றையும் அவர் கண்முன்னாலேயே சுத்தியலால் நசுக்கிவிட்டு, வேலையை விட்டு வெளியே வந்தேன்.

இப்போதும் கடைத்தெருவில் பார்த்தால் அண்ணாச்சி சிரித்துக் கையசைப்பார். எனக்கு அன்றைக்கு நீளாத கைதான் தெரியும்.