நன்றியுரையில் இருந்த பெயர்

பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத் தேர்வுப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தேன். தேர்வாளருக்கும் மாணவருக்கும் பழக்கம் இருக்கக் கூடாது என்ற விதியை என்னைவிட நன்றாக அறிந்தவர் அங்கே இல்லை. எனக்கு அதில் பெருமை வேறு.

கேரி தீவுத் தோட்டப் பெண்களைப் பற்றி ஒரு மாணவி ஆய்வேடு கொடுத்திருந்தார். அதன் நன்றியுரையில், அவருக்கு நியமித்திருந்த வெளித் தேர்வாளரின் பெயரைக் கண்டேன். துப்புத் துலக்கிய மகிழ்ச்சியோடு, அவரை மாற்றும்படி குழுவுக்குக் குறிப்பு எழுதினேன். குழு வழக்கம்போல் படிக்காமலேயே ஒப்புக்கொண்டது.

புதிய தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. தோட்டப் பெண்களின் பேட்டிகளோ பின்னிணைப்பில் தமிழில் இருந்தன. ஆதாரம் போதாது, முதுகலைப் பட்டம் கொடுத்தால் போதும் என்று அறிக்கை அனுப்பினார். வாய்மொழித் தேர்வு நடக்கவேயில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள், பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகத்தில் அந்த மாணவி என்னை அடையாளம் கண்டு எதிரே வந்து அமர்ந்தார். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை என்றார்.

"அங்கிள், முதல்ல போட்ட எக்ஸாமினர ஏன் மாத்துனாங்க?"

"நன்றியுரையில அவர் பேரு இருந்துச்சும்மா. பழக்கமானவர்னு நெனச்சுட்டாங்க."

"பழக்கமா? அவர நான் பார்த்ததே இல்ல லா. அவரோட புக் ஒண்ணு உதவியா இருந்துச்சு, அதான் பேரு போட்டேன். எனக்கு ஒரு போன் கால் அடிச்சுக் கேட்டிருக்கலாமே. யாரு அங்கிள் மாத்துனது?"

"கமிட்டி" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். குழுவின் மீது யாரும் கோபப்பட முடியாது. அதற்காகத்தான் அலுவலகங்களில் குழு வைக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.