அலுமாரி இல்லாத படம்

நடந்தவை வரிசைப்படி இவை.

1. ஒரு சனிக்கிழமை காலை, அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போன பிறகு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டின் முன்னறையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக அடுப்படிக்குக் கொண்டுபோனேன். டிவி, அதன் மேசை, ரைஸ் குக்கர், பிளாஸ்டிக் கதிரைகள், சுவரில் மாட்டியிருந்த படங்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரியைத் தூக்க முடியவில்லை. உள்ளே இருந்த தட்டுகளை இறக்கிவிட்டு, காலுக்கடியில் சாக்கைப் போட்டு இழுத்தேன்.

2. வெறுமையான அறையில் ஒரு பழைய பாயையும் ஒரு ஈயக் குண்டானையும் வைத்து, நான் வேலை செய்யும் அருங்காட்சியகமான நூதனசாலையின் கேமராவால் படம் பிடித்தேன்.

3. அம்மா வீடு திரும்புவதற்குள் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்தேன். டிவியின் மேல் போட்டிருந்த பூவேலைத் துணி மட்டும் முன்பின்னாக மாறியிருந்தது. ஏன் என்று கேட்டார். தூசி தட்டினேன் என்றேன்.

4. அந்தப் படம் நூதனசாலை வெளியிட்ட புத்தகத்தில் முழுப் பக்கத்துக்கு வந்தது.

5. அம்மா அதைப் பார்த்தார்.

நான் படித்தது கட்டட வரைபடத் தொழில். நுவரெலியாவில் அறை எடுத்துத் தங்கி, இந்தப் பக்கத்து நூதனசாலை ஒன்றுக்கு ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறேன். அவர்கள் உள்ளூர் வரலாற்றைச் சிறு சிறு புத்தகங்களாகப் போடுகிறார்கள். இடப்பக்கம் சிங்களம், வலப்பக்கம் தமிழ். முதல் புத்தகம் ரயில் பாதையைப் பற்றியது, இரண்டாவது தேயிலைத் தொழிற்சாலைகளைப் பற்றியது. வரைபடங்களும் பக்க வடிவமைப்பும் படக் குறிப்புகளும் என் பொறுப்பு. அந்த இரண்டிலும் எனக்கு எந்தச் சங்கடமும் வரவில்லை. பாலத்தையும் உலர்த்தும் இயந்திரத்தையும் வரைவதில் என்ன சங்கடம்?

மூன்றாவது புத்தகம் லயங்களைப் பற்றியது.

வெளியீட்டுக்குப் பொறுப்பானவரை நாங்கள் எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். காம்பரா எனப்படும் ஒரு லயத்து வீட்டின் தரைப்படம் வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஒரு மணி நேரத்தில் வரைந்து கொடுத்தேன். முன்னறை, அடுப்படி, வெளியே திண்ணை போன்ற இஸ்தோப்பு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை.

"அளக்கப் போகல்லையா மிஸ்?" என்றார்.

"அளந்தது கையில இருந்திச்சு சேர்."

கையில் இல்லை. பிறந்ததிலிருந்து அந்த அறைக்குள் நடந்த கால்களில் இருந்தது. அதைச் சொல்லவில்லை. என் ஊர் கொட்டகலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். கேட்டவர்கள் தோட்டமல்ல, பஜார் பக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

பிறகு உட்புறப் படம் ஒன்று தேவைப்பட்டது. "இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் டிஷ்ஷும் ஃபிரிட்ஜும்தான். பழைய வாழ்க்கை தெரியிற மாதிரி ஒரு காம்பரா கெடைக்குமா மிஸ்?" என்று கேட்டார்.

"தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு சேர்" என்றேன்.

இப்படித்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. படத்தைக் கணினியில் ஏற்றி, நிறத்தை எடுத்துவிட்டுப் பழுப்பாக்கினேன். கீழே ஒரு வரி எழுதினேன்: 'தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயக் காம்பரா ஒன்றின் உட்புறம்.' அது ஒழுங்கான படக் குறிப்பு. சேர் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அம்மா அந்த அறையில்தான் அன்றிரவும் சீரியல் பார்த்துவிட்டுத் தூங்கினார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் அந்த 'வாழ்ந்த' என்ற சொல்லில் என் விரல் தயங்கவில்லை.

புத்தகம் வந்த பிறகு வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோகவில்லை. அம்மா கேட்டபோதெல்லாம் இன்னும் பைண்டிங் முடியவில்லை என்றேன். நூதனசாலை சுற்றுவட்டாரப் பாடசாலைகளுக்கும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராக்களுக்கும் இலவசப் பிரதிகள் அனுப்பியதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அத்தைக்குப் பிள்ளைக்காம்பராவில்தான் வேலை. அம்மாமார் மலைக்குப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

பிரதிகள் போய்ச் சேர்ந்த அடுத்த ஞாயிறு அந்தி. நான் அடுப்படியில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே இஸ்தோப்பில் அம்மாவும் அத்தையும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க மதினி, யாரு வீடோ பாவம். ஒரு சாமான் இல்ல. வெறும் பாயும் குண்டானும்."

"குடிகாரன் வீடாயிருக்கும்" என்றார் ஒருவர்.

அம்மா புத்தகத்தை வாங்கும் சத்தம் கேட்டது.

"இது எங்க வீடு."

"ஆமா, ஒங்க வீடு. காலு வைக்க எடமில்லாம சாமானா அடுக்கி வச்சிருக்கீங்க, இது ஒங்க வீடா?"

"செவத்தப் பாருடி. அலுமாரி நின்ன எடம் தெரியல?"

எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. எங்கள் முன்னறைச் சுவருக்கு நீலம் அடித்துப் பல வருடமாகிறது. அடுப்புப் புகையில் சுவர் முழுக்க மங்கிவிட்டது. அலுமாரிக்குப் பின்னால் இருந்த பகுதி மட்டும் அடித்த அன்று போலவே இருக்கும். நிறத்தை எடுத்த பிறகும் அந்த நீள்சதுரம் படத்தில் வெளிறித் தெரிந்தது. அதைப் பார்த்தேன், வெளிச்சக் குறைபாடு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"அட, ஆமா. அப்ப அலுமாரி எங்க மதினி, அடகுக்குப் போயிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அத்தை கீழே இருந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்தார். "வாழ்ந்த... குடும்பங்கள் வாழ்ந்த... அப்ப நீங்க செத்துட்டீங்களா?"

"மியூசியத்துல வச்சிட்டாங்க அவங்கள. இனி டிக்கட் எடுத்துத்தான் பாக்கணும்."

இன்னும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அத்தை மட்டும் கோப்பையை வாங்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறெங்கோ பார்த்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அந்த அலுமாரி எங்கள் லயத்துக்கு வந்த முதல் கண்ணாடி அலுமாரி. லொறி மேல் ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே இறங்கும் படிக்கட்டில் நான்கு பேர் மழைக்குள் தூக்கி வந்தார்கள். கண்ணாடி உடையக் கூடாது என்று அம்மா தன் படங்கைக் கழற்றி அதைச் சுற்றிக் கட்டிவிட்டு, நனைந்துகொண்டே பின்னால் வந்தார். மலையில் மழைக்கும் செடிக்கும் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அந்தத் தடித்த துணி இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். பிறகு ஒரு வாரம், தண்ணீர்ப் பீலிக்குப் போகிற பெண்கள் எல்லோரும் எங்கள் வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போன பிறகு அம்மா உள்ளே வந்தார். புத்தகத்தைக் கதிரையில் வைத்தார்.

"எல்லாத்தையும் நீயா தூக்கின?"

"ம்."

"அலுமாரியையும்?"

"இழுத்தேன்."

"இடுப்புப் புடிச்சிருக்கும்" என்றார். பிறகு சுவரைப் பார்த்தார். தொழில்நுட்பக் கல்லூரியில் கறுப்பு அங்கி போட்டு நான் சான்றிதழ் வாங்குகிற போட்டோ அங்கே தொங்குகிறது. சாமிப் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில்.

"ஒன் போட்டோவையும் கழட்டிட்டியா?"

"ஆமாம்மா."

"அது இருந்தா பழசா தெரியாதாக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்கிக்கொள்ள முயல்வதுபோலக் கேட்டார். நான் தலையாட்டினேன். வாசலில் சிரித்த சிரிப்பில் பாதிகூட அவர் முகத்தில் இல்லை.

"பாக்குறவங்க நான் ஒண்ணுமே சம்பாதிக்கலன்னு நெனப்பாங்க" என்றார். "மறுபடி புத்தகம் அடிச்சா, எல்லாம் இருக்கிற படத்தப் போடு. நான் கூட்டித் தொடச்சி வைக்கிறேன்."

திங்கட்கிழமை சேரிடம் போய், அந்தப் பக்கத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

"ஏன் மிஸ்? யாரு வீடு அது?"

"எங்க வீடு சேர். சாமான் எல்லாத்தையும் நான்தான் எடுத்து ஒளிச்சேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொட்டகலை பஜார் இல்லையா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "சாமானோட படம் போட்டா, லயத்துல எல்லாரும் வசதியாத்தானே இருக்காங்க, எதுக்குத் தனி வீடு காணி கேக்கிறாங்கன்னு சொல்லுவாங்க மிஸ். அதையும் யோசிங்க" என்றார்.

யோசித்தேன். அவர் சொன்னதில் தவறில்லை. எங்கள் கூரைத் தகரம் ஒழுகுவது உண்மை. ஒழுகும் இடத்தை விட்டுத் தள்ளி அலுமாரி நிற்பதும் உண்மை. இரண்டையும் ஒரே படத்தில் காட்ட நான் முயன்றுகூடப் பார்க்கவில்லை. வெறும் அறையைக் காட்டினால் போதும் என்று அந்தச் சனிக்கிழமை தீர்மானித்தது வீட்டுப் பிரச்சினையை யோசித்தல்ல. அது நான் வளர்ந்த இடம் என்று யாருக்கும் தெரியாமல் இருக்க, அதை யாரும் வாழாத இடமாக்கினேன்.

அடுத்த வாரம் அம்மா மஞ்சள் சேலை கட்டி அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றார். தட்டுகளைக் கழுவி அடுக்கியிருந்தார். கூரையில் ஒழுகும் தகரமும் அதற்குக் கீழே வைக்கும் வாளியும் படத்துக்குள் வருகிற மாதிரி எடுத்தேன். வாளியைப் பார்த்து, "அத எடுத்துரு" என்றார் அம்மா. வேண்டாம் என்றேன். சரி என்று விட்டுவிட்டார். ஆனால் படம் எடுக்கும் வரை அதைப் பார்க்காமலே நின்றார்.

இப்போதைய நிலைமை இது. படக் குறிப்பில் 'வாழ்ந்த' என்பதை 'வாழும்' என்று கணினியில் திருத்திவிட்டேன். புதிய படம் வெளியீட்டுக் குழுவின் முடிவுக்காகக் காத்திருக்கிறது. குழு இன்னும் கூடவில்லை. அச்சடித்த பிரதிகள் பழைய படத்துடன் நூதனசாலை வாசலில் விற்பனையாகின்றன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் வீட்டுக்குப் போகும்போது, படம் மாறியாச்சா என்று அம்மா கேட்கிறார். இன்னும் இல்லை என்கிறேன்.